இலவங்கம்: பூவும் பட்டையும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தமிழர் கடைத்தெரு என்று வழங்கும் மார்க்கெட் தெருவிலே மசாலைச் சரக்கு வாங்கப் போகிறவர், பட்டை என்ற ஒரே பெயரால் இரு வேறு மரங்களின் தோல் குறிக்கப்படுவதைக் காணலாம். தடித்துச் செம்பழுப்பு நிறமாய், இரு ஓரமும் உட்சுருண்டு, ஒடித்தால் படக்கென்று முறிவது சுமத்திராச் சரக்கு. மெல்லிய ஏடுகள் ஒன்றினுள் ஒன்றாய்ச் செருகப்பெற்று, விரலால் நசுக்கினாலே நொறுங்குவது இலங்கைக் கறுவா.

மலாய்க்காரர் பட்டையைக் காயு மானிஸ், அதாவது இனிப்பு மரம், என்பர். பாரசீகர் சீனத்து மரம் என்னும் பொருளில் தார்ச்சீனி என்றது வடநாட்டில் தால்சீனி ஆயிற்று. இலங்கைத் தமிழரோ கறுவா என்பர், கொழும்பில் ஒல்லாந்தர் அதைப் பயிரிட்ட இடம் இன்றும் கறுவாத்தோட்டமே. இவற்றில் சிக்கலில்லை. சிக்கலெல்லாம் நம் இலவங்கப்பட்டையில்தான் இருக்கிறது. ஏனெனில் வடமொழியில் லவங்கம் என்பது கிராம்பு. மகாகவி காளிதாசர் ரகுவம்சத்தில் கலிங்க மன்னனை வருணிக்குமிடத்து, வேற்றுத் தீவுகளிலிருந்து காற்றுக் கொணரும் லவங்கப் பூக்களைக் கூறுகிறார். கிராம்பு மரத்தின் தாயகமோ மலுக்குத் தீவுகள். அப்படியிருக்க, பூவின் நாமம் மரத்தோலுக்கு வந்தது எங்ஙனம்?

அம்பொன் முதலிய அத்தீவுகளிலேயே, கறுவாவின் இனமாயிருந்தும் கிராம்பின் வாசனை வீசும் ஒரு மரம் உண்டு. அதன் பட்டையை மலாயில் கூலிட் லாவாங் என்பர், கூலிட் எனில் தோல், லாவாங் என்பது லவங்கமே. பூவுக்கும் பட்டைக்கும் இடையே பாலமாய் நின்றது இத்தகைய சரக்கே என்பதும், கிராம்பு என்ற தனிப்பெயர் பூவுக்கு நிலைத்தபின் இலவங்கம் பட்டைக்கு உரித்தாவது எளிதாயிற்று என்பதும் என் துணிபு.

மலாயிலோ அச்சொல் இன்னொரு பூவின்மேல் ஏறிற்று. தமிழ்நாட்டார் அன்னாசிப்பூ என்பது இங்கே பூங்கா லாவாங். லவங்கத்தின் பழம்பொருளான கிராம்போ மரமாகவே இவ்வூர் வந்தது: 1796இல் ஆங்கிலேயர் அம்பொனைக் கைப்பற்றியபின், கிழக்கிந்தியக் கும்பினியின் தாவரவியலார் கிறிஸ்டோபர் ஸ்மித் அனுப்பிய கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகள் பினாங்கிலேயே வேரூன்றின. இவ்வூர்ச் சமையலில் காய்ந்த எண்ணெயில் முதலில் விழும் பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ நான்கையும் மலாய்க்காரர் ‘எம்பாட் செக்காவான்’, நான்கு தோழர், என்பர்; அவற்றுள் மூன்று, ஏதேனும் ஒரு மொழியில் இலவங்கப் பெயர் பூண்டவை. இனி வரும் அகராதிகள் இலவங்கம் என்னும் பதத்தின்கீழ் இந்த மலாய் வழக்கையும் சேர்த்தெழுதுதல் வேண்டும்.