குளியலறைத் தரைக்குக் கீழே

புது பாத்ரூம் போடக் கூப்பிடுகிறவர்கள் போனில் ஷவர் படத்தை நீட்டுவார்கள். நான் தரையைப் பார்ப்பேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடுகளில் குளியலறையை இடித்து மாற்றிக் கட்டுவதுதான் என் பிழைப்பு. மேஸ்திரி வேலையிலேயே தலை நரைத்தாயிற்று. இந்த ஊர் எப்படியெல்லாம் குளித்தது என்பது அந்தத் தரைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

மேலே டைல். பெயர்த்தால் மொசைக். அதற்கும் கீழே ரெட் ஆக்சைடு போட்ட சிமென்ட் தரை, இன்னும் மினுங்கும். அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். டைலை ஒரு ஆள் டிபன் நேரத்துக்குள் பெயர்த்துவிடுவான். சுண்ணாம்புத் தளத்துக்கு இரண்டு ஆளும் ஒரு பகலும் வேண்டும்.

அந்தத் தளம் பெரும்பாலும் பின்கட்டில், கிணற்றை ஒட்டித்தான் இருக்கும். தண்ணீரைச் சேந்திக் கையால் சுமக்க வேண்டுமே, தூரம் வைத்தால் யார் இடுப்பு தாங்கும்? குளித்த தண்ணீர் சுவரோரத் துளை வழியே வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போய்விடும். மூலையில் செம்பு பாய்லர்: நடுக்குழாயில் கரியும் கொட்டாங்குச்சியும் எரிய, சுற்றிலும் தண்ணீர் காயும். அந்தப் புகை ஏறிய சுவரில் சுண்ணாம்பு அடித்தால் இன்றைக்கும் கறுப்பு மேலே வந்துவிடுகிறது. ஒண்டுக்குடித்தன வீடுகளில் எல்லாக் குடும்பத்துக்கும் அந்த ஒரே குளியலறைதான். விடியற்காலையில் ஆட்களுக்குப் பதில் வாளிகள் வரிசையில் நிற்கும்.

வெள்ளைக்காரர் பங்களாவில் சங்கதி வேறு. குழாய் வருவதற்கு முன்பே படுக்கையறையை ஒட்டிக் குளியலறை வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் சுமப்பவர் வீட்டுக்குள் நுழையாமல் வந்துபோக, வெளிப்பக்கம் தனிக் கதவு. தண்ணீர் வெளியேறும் துளை வழியாகப் பாம்பும் வரும். கிப்ளிங்கின் கீரிப்பிள்ளைக் கதையில் நாகம் புகுவது அந்த வழியில்தான். 'அட்டாச்டு பாத்ரூம்' என்று இன்று எல்லோரும் கேட்கும் வசதி, முதலில் இன்னொருவர் தோளில் ஏறித்தான் வந்தது.

சென்னையில் 1772இல் வெட்டிய ஏழுகிணறு கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தது. ஊருக்குக் கிடைக்க இன்னும் நூறு வருடம். 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து குழாய்களில் இறங்கியது. அப்போது வடிகட்டாத ஏரித் தண்ணீர்தான். மணல் வடிகட்டிகள் 1914இல் வந்தன.

குழாய் வந்ததும் குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குழாயில் வேகம் போதவில்லை. வாசலில் குழி தோண்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாயை வைத்து, குடத்தை இறக்கிப் பிடித்தார்கள். பிறகு அடிபம்பு வந்தது. அடித்த தண்ணீரைப் பின்கட்டுச் சிமென்ட் தொட்டி வரை சுமந்து நிரப்பியது அநேகமாகப் பெண்கள்தான்.

நிலைமையை மாற்றியது மோட்டார். தரைக்கடியில் சம்ப், மொட்டைமாடியில் தொட்டி என்று ஆன பிறகுதான் குளியலறை மாடியேறியது, படுக்கையறைக்குள் புகுந்தது, ஷவரும் வந்தது. அதிலும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். ஓட்டலில் பார்த்த அகல ஷவரை மாட்டிவிட்டு, "என்ன மேஸ்திரி, சொட்டுது?" என்பார்கள்.

வந்த தண்ணீர் போகவும் வேண்டும். அடிக்கு ஒரு நூல் வாட்டம், அதாவது அரைக்கால் அங்குலம். குறைந்தால் மூலையில் தேங்கும்; கூடினால் வயதானவர்களுக்குக் கால் நிற்காது. மொகஞ்சதாரோ வீடுகளின் குளியல் மேடைப் படங்களைப் பார்த்திருக்கிறேன். செங்கலை இடுக்கில்லாமல் இழைத்துப் பதித்து, ஒரு பக்கமாகச் சரித்து, தெருச் சாக்கடைக்கு வழி விட்டிருக்கிறார்கள். 4000 வருடத்துக்கு முந்தைய வேலை. ரசமட்டம் இல்லாத காலம். தண்ணீரை ஊற்றித்தான் பார்த்திருப்பான் அந்தக் கொத்தனார். கையில் ரசமட்டம் இருந்தும் கடைசியில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

இப்போது சிலர் டப் கேட்கிறார்கள். சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்த உடம்புக்கு, நின்ற தண்ணீரில் ஊறுவது எனக்கென்னவோ ஒட்டவில்லை. அடையாறில் ஒரு வீட்டில் சொன்னபடி டப் பதித்துக் கொடுத்தேன். 2019இல், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த சமயம், அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு. போய்ப் பார்த்தால் டப் நிறைய லாரித் தண்ணீர், மேலே பலகை போட்டு மூடியிருக்கிறது. பாட்டியம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அதிலிருந்து மொண்டு குளிக்கிறார். டப் இருக்கிறதே என்று வெளித்தரைக்குப் பேருக்குத்தான் வாட்டம் கொடுத்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.