புழுதியில் குளிக்கும் விலங்கு: சின்சில்லா மயிர்ப் பராமரிப்பின் கடந்த காலம்

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், மழை அரிதான பாறைச் சரிவுகளில் கூட்டமாக வாழும் சின்சில்லா என்னும் கொறிவிலங்கு, இன்று பல நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படினும், அதன் மயிரைப் பேணும் முறைகளில் பல தோலுக்காக அதை வளர்த்த பண்ணைகளிலேயே உருப்பெற்றன. அதன் மயிர்க்கால் ஒவ்வொன்றிலிருந்தும், அதாவது தோலில் மயிர் முளைக்கும் நுண்குழி ஒவ்வொன்றிலிருந்தும், 50க்கு மேற்பட்ட மெல்லிழைகள் எழுகின்றன. மலையிரவின் கடுங்குளிரிலிருந்து அவ்விலங்கைக் காத்த இவ்வடர்த்தியே அதற்குப் பகையும் ஆயிற்று.

எசுப்பானியப் பாதிரியார் ஹோசே தே அக்கோஸ்தா 1590இல் வெளியிட்ட நூலிலேயே இம்மயிரின் மென்மை பதிவாகியுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களின் மேலங்கிகளுக்காகத் தோல் வணிகம் பெருகியபோது, 1840க்கும் 1916க்கும் இடையில் சிலியிலிருந்து மட்டும் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட தோல்கள் ஏற்றுமதியாயின. சிலி, பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் 1910இல் வேட்டையைத் தடைசெய்ய உடன்பட்டபோதும், தடை விலையை ஏற்றியதேயன்றி வேட்டையை நிறுத்தவில்லை.

இந்நிலையில்தான் சிலியில் அனகோண்டா செம்பு நிறுவனத்தில் சுரங்கப் பொறியாளராகப் பணியாற்றிய அமெரிக்கர் மத்தயாஸ் சாப்மன், உள்ளூர் வேட்டைக்காரர்களைக் கொண்டு உயிருள்ள சின்சில்லாக்களைத் தேடிப் பிடித்தார். பல ஆண்டு முயற்சியில் ஒரு டசன் அளவே கிடைத்தன என்பதிலிருந்து அழிவின் ஆழம் விளங்கும். உயர்மலை விலங்குகள் தாழ்நிலத்தின் வெப்பத்தைத் தாங்கமாட்டா என்பதால் அவற்றை மலையிலிருந்து படிப்படியாக இறக்கிப் பழக்கி, கப்பலில் பனிக்கட்டி கொண்டு கூண்டுகளைக் குளிர்வித்து, 1923இல் 11 விலங்குகளைக் கலிபோர்னியாவில் கரைசேர்த்தார். அமெரிக்கப் பண்ணைச் சின்சில்லாக்களில் மிகப்பெரும்பாலானவை இவற்றின் வழிவந்தவையே.

பண்ணைக்காரர்கள் கூண்டுக்குள் கொண்டுவந்தவற்றுள் மிகப் பயனுடையது புழுதிக் குளியல். காட்டில் எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் புரண்டு உடலைத் தூய்மை செய்யும் இவ்விலங்குக்கு, அதைப் போன்ற நுண்பொடியைத் தட்டில் இட்டால், தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் அது உறிஞ்ச, மயிர் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்கிறது. நீரில் நனைத்தாலோ, அடர்ந்த மயிரின் அடிப்பகுதி எளிதில் உலராமல் உடல் குளிர்ந்துபோவதோடு, பூஞ்சைத் தொற்றுக்கும் இடமாகிறது. போட்டிகளுக்கான நுண்பல் சீப்பு, இழையின் நேர்த்தியை மதிப்பிடும் முறை ஆகியவையும் பண்ணைகளில் வளர்ந்தவையே. ஆனால் அவற்றின் நோக்கம் தோலின் விலையாக இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

ஆகவே வீட்டில் வளர்ப்போர் அம்மரபை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. கண்காட்சிக்குரிய சீவுதலை விட்டுவிடலாம். புழுதிக் குளியலைக் கைவிடலாகாது. வாரத்தில் சில முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் பொடித்தட்டை வைத்துப் பின் எடுத்துவிட வேண்டும். நாள் முழுதும் விட்டுவைத்தால் கண்ணில் எரிச்சலும் தோலில் வறட்சியும் உண்டாகும். அச்சுறுத்திப் பிடித்தால் மயிர் கொத்தாகக் கழன்றுவிடும். வேட்டை விலங்கின் பிடியிலிருந்து தப்ப இயற்கை அளித்த இவ்வேற்பாட்டை நோய் எனக் கருதக் கூடாது. வெப்பம் 25 பாகை செல்சியசைத் தாண்டும் அறையில் இவ்விலங்கை வைத்தல் அதன் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், குளிர்ச்சியான இடம் தர இயலாதவர் இதை வளர்க்காதிருப்பதே முறை.