பல்லில் கவ்விய பறி

காட்டுத்தீக்குப் பின் காடு மீளும் வரிசையைப் பாடநூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. சாம்பல் உரமாகிறது, வேரில் உயிர் தங்கிய மரம் துளிர்க்கிறது, புல், புதர், மரம் என்று பசுமை திரும்புகிறது. பழவேற்காட்டின் பெயரில் காடு உண்டு. ஆனால் இங்கே அழிவு நீர்வழியாக வருகிறது, மீட்சியும் நீர்வழியாகவே வந்தாக வேண்டும்.

ஆரணியாறும் காளங்கியும் ஏரிக்கு நன்னீர் தருகின்றன. முகத்துவாரம் கடல்நீரை உள்ளே விடுகிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்புகிறது. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட்டால் இந்தப் பயணம் நின்றுபோகும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்வளம் திரும்பியது; 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகா நீங்கியது. வழி விட்டால் நீர் தன்னை மீட்டுக்கொள்ளும்.

மீண்ட நீர் யாருக்கு என்பதே என் கேள்வி. பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களைக் குலுக்கல் முறையில் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற வழக்கம் உண்டு. ஆய்வாளர்கள் இதைச் சமூகமே வளத்தைக் காக்கும் முறையாகப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் நியாயமும் உண்டு. ஆனால் பாட்டின் உரிமை ஆண்களின் பெயரில் இருக்கிறது. இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. கழுத்தளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். படகோ வலையோ இல்லாத இந்தத் தொழிலுக்கு உடலே கருவி.

2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையில் நிவாரணம் பெரும்பாலும் படகையும் வலையையும் எண்ணியே வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. பக்கிங்காம் கால்வாய் அந்தக் கழிமுகத்தைப் பழவேற்காட்டோடு இணைக்கிறது. அப்போது அரசு குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகுச் சீரமைப்புக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. குடும்பம் ஓர் அலகு, படகு ஓர் அலகு. சேற்றில் இறங்கும் பெண்ணின் கைகளுக்குத் தனிக் கணக்கு இல்லை.

எண்ணெய் முதலில் தங்குமிடம் அந்தச் சேறுதான். அது அலையாத்தியின் மூச்சுவேர்களை மூடுகிறது. பிராணவாயு குறைந்த சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைப்பதும் மெதுவாகவே நடக்கிறது. நீரின் மேற்பரப்பு தெளிந்து படகுகள் கிளம்பிய பிறகும் அடிச்சேறு நோயோடு கிடக்கலாம். அங்கே புழுக்கள் திரும்ப வேண்டும். அவற்றை உண்ணும் நண்டும் இறாலும் பின்னரே வரும். ஏரி முதலில் படகுக்காரருக்கு மீள்கிறது, கடைசியில்தான் கையால் பிடிப்பவளுக்கு.

அதனால் மீட்சியை அளக்க அவளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். சேறு எப்போது நாறியது, எந்தத் திட்டில் இறால் குறைந்தது, எப்போது திரும்பியது என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். அலையாத்தி நாற்று நட்ட கணக்கோடு பறியின் எடையையும் மாதந்தோறும் எழுதிவைப்போம். நீர்நிலையின் வரலாறு அந்தப் பறிக்குள்ளும் இருக்கிறது.