தவறின் சுமை யார்மேல்? தாதியர் காப்புறுதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தாதியர் தமது தொழிற்பிழைகளால் எழக்கூடிய நட்டஈட்டுப் பொறுப்புக்குத் தாமே பணங்கட்டிக் காப்புறுதி பெற்றுக்கொள்ள வேண்டுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குத் தனியாளின் முன்னெச்சரிக்கை பற்றியதாகவே தோன்றும். வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து அது வேறொரு வினாவாகிவிடுகிறது. கூலிக்கு உழைப்பவர் வேலையின்போது இழைக்கும் தவறின் சுமையைத் தாங்கவேண்டியவர் யார்? உழைப்பவரா, அவ்வுழைப்பை ஒழுங்குசெய்யும் நிறுவனமா? திருகோணமலைத் துறைமுகப் பகுதியைச் சேர்ந்த கப்பல்துறை போன்ற ஊர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அங்குள்ள உழைக்கும் மக்கள் நோயுற்றால் நாடுவது பெரும்பாலும் அரசாங்க வைத்தியசாலையையே. அவர்தம் படுக்கையருகே இரவு முழுவதும் நிற்பவர் தாதியே. தாதியின் பாதுகாப்பையும் நோயாளியின் உரிமையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தும் எந்த ஏற்பாடும் அவ்விருவருக்கும் கேடு விளைப்பதாகும்.

தமிழகத்தார் ‘செவிலியர்’ என வழங்குவோரை ஈழத்தவர் ‘தாதியர்’ என்பர். இரு சொற்களும் தத்தம் சமூக வரலாற்றைத் தாங்கியுள்ளன. அகமரபில், உடன்போக்கிற் சென்ற தலைவியைத் தேடிச் சுரத்தின்வழிச் செல்பவள் செவிலியே. நற்றாய் இல்லத்திலிருந்து புலம்புவாள். தாதி என்னுஞ் சொல்லுக்கோ ஏவற்பெண் என்னும் பழம்பொருளும் உண்டு. பேணும் கடமையும் ஏவலுக்குப் பணியும் நிலையும் ஒருங்கே ஒரு பெண்மேற் சுமத்தப்பட்டமையை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

நவீன தாதியத் தொழிலும் இவ்விரட்டை நிலையிலிருந்து முற்றாக விடுபடவில்லை. 1860ஆம் ஆண்டு இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, தாதியம் மதிப்புக்குரிய தொழிலாக உருப்பெற்றது. ஆயினும் கட்டுப்பாடும் கீழ்ப்படிவும் அதன் அடிப்படைகளாயின. 1909ஆம் ஆண்டு ஹில்யர் வழக்கில் ஆங்கிலேய மேன்முறையீட்டு நீதிமன்றம், சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியர் சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டளைக்கு உட்பட்டவர் எனவும், ஆங்கு நிகழும் கவனயீனத்துக்கு வைத்தியசாலை பொறுப்பாகாது எனவும் தீர்த்தது. தகுதியுடையோரை நியமிப்பதோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். இந்நிலை மாறுவதற்கு நாற்பதாண்டுகளுக்கு மேற் சென்றது. 1948இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை நிறுவப்பெற்றபின், 1951ஆம் ஆண்டு கசிடி வழக்கிலேயே, தன் ஊழியரின் கவனயீனத்துக்கு வைத்தியசாலை பொறுப்பேற்க வேண்டுமென்பது உறுதியாயிற்று.

இலங்கையின் நிலை இன்னும் கடுமையானதாயிருந்தது. இங்கு நிலவிய உரோமன் - டச்சுச் சட்டத்தின்கீழ், ஊழியர் இழைத்த தீங்குக்காக முடியின்மீது வழக்குத் தொடுக்க இயலாதென்பதே நீதிமன்றங்கள் கொண்ட நிலைப்பாடு. எனவே அரசாங்க வைத்தியசாலையிற் கவனயீனத்தால் ஊறுபட்டவர் வழக்காடுவதாயின் தாதிமீதோ வைத்தியர்மீதோ தனிப்படத்தான் வழக்காட முடிந்தது. உழைப்பின் பயன் அரசுக்கு, தவறின் பொறுப்பு உழைப்பவருக்கு என்பதே குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற நியதி. சுதந்திரம் பெற்று இருபத்தோராண்டுகள் கழிந்தபின், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே கடமையின்போது அரச ஊழியர் இழைக்கும் தீங்குக்கு அரசைப் பொறுப்பாக்கியது. தாதியர் தாமே காப்புறுதி பெறவேண்டுமெனக் கூறுவோர், இச்சட்டத்தாற் பெற்ற பேற்றை அறியாமலே கைவிடுகின்றனர்.

காப்புறுதி தீங்கற்ற துணைப்பாதுகாப்பேயன்றோ எனச் சிலர் வினவலாம். இவ்விடத்து 1957ஆம் ஆண்டின் லிஸ்ரர் வழக்கு மனங்கொளத்தக்கது. இங்கிலாந்தில் லொறிச் சாரதி ஒருவர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துகையில், உடன் வேலைசெய்த தம் தந்தையையே காயப்படுத்தினார். தந்தைக்குரிய நட்டஈட்டைச் செலுத்திய காப்புறுதிக் கம்பனி, முதலாளியின் பெயரால் அச்சாரதிமீதே வழக்குத் தொடுத்து வென்றது. எழுந்த கண்டனத்தின் பின்னரே, இத்தகைய உரிமையைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லையெனக் காப்புறுதியாளர் தம்முள் உடன்பட்டனர். தனிக்காப்புறுதியுள்ள தாதி, வழக்காடிப் பணம் பெறத்தக்க ஒருவராக மாறுகிறார் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். நிறுவனத்தின் செலவு அவர் சம்பளத்துக்கு இடம்பெயர்கிறது.

ஆயினும் எதிர்வாதத்தை முற்றாகப் புறக்கணித்தல் தகாது. தனியார் வைத்தியசாலையிற் பணிபுரியும் தாதிக்கு அரசின் பொறுப்பு என்னும் கவசம் இல்லை. முதலாளியோ பழியைக் கீழ்நோக்கித் தள்ளக்கூடும். பிரித்தானியாவில் 2014ஆம் ஆண்டு முதல் பதிவுபெற்று தொழில்புரியும் ஒவ்வொரு தாதிக்கும் நட்டஈட்டுக் காப்பு இருத்தல் கட்டாயமாயிற்று. ஆனால் தொழில்தருநர் அளிக்கும் காப்பே போதுமானது என்பதும் அங்கு ஏற்கப்பட்டது. கட்டாயம் என்பது தாதியின் சம்பளத்திற் கைவைப்பதாக இருக்க வேண்டியதில்லை.

தாதியரின் உண்மையான அச்சம் பணத்தைப் பற்றியது மட்டுமன்று. 2023ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்ற சிறுமி ஒருவரின் கை அகற்றப்பட நேர்ந்தபோது, ஊசிக்குழாய் செலுத்தியமை பற்றிக் குற்றச்சாட்டு எழுந்தது; தாதி ஒருவர் நாட்டைவிட்டு வெளியேற நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வழக்கின் உண்மையைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கருதவேண்டியது வேறு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தலைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு போன்றவற்றின்முன் நட்டஈட்டுக் காப்புறுதி பயன்படாது. சிறைத்தண்டனையைக் கம்பனி ஏற்றுக்கொள்ள முடியாது. அங்கு வேண்டப்படுவது சட்டத்துணையும், ஒரு தாதியின் பொறுப்பில் எத்தனை நோயாளர் விடப்பட்டிருந்தனர் என விசாரிக்கும் நேர்மையுமாகும். முன்னதைத் தொழிற்சங்கத்தின் கூட்டு நிதியால் வழங்கலாம். பின்னதைப் போராடித்தான் பெறவேண்டும்.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இந்நாட்டில் ஒரு நெறியை நிறுவியது. வேலையிற் காயமுற்ற தொழிலாளி முதலாளியின் தவற்றை நிறுவ வேண்டியதில்லை. தொழிலை நடத்துபவரே அத்தொழிலின் ஆபத்துக்கும் விலை செலுத்த வேண்டும். சுமையேற்றி இறக்கும் துறைமுக மக்களுக்கு இந்நெறியின் நியாயத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நியூசிலாந்துத் திட்டம், எவர் தவறு என்று வழக்காடாமலே விபத்தால் ஊறுபட்டவருக்குப் பொதுநிதியிலிருந்து உதவ முடியும் என்பதைக் காட்டியது. மருத்துவத்தின்போது நேரும் தீங்கும் அதனுள் அடங்கிற்று.

ஆதலின், அரச வைத்தியசாலைகளில் அரசும் தனியார் வைத்தியசாலைகளில் முதலாளியும் முழுப் பொறுப்பேற்க வேண்டும். ஊறுபட்டவர் ஆண்டுக்கணக்கில் வழக்காடாது நட்டஈடு பெற வேண்டும். விசாரணைக்குள்ளாகும் தாதிக்குச் சங்கம் துணைநிற்க வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே கோருவதே தாதியர் இயக்கத்தின் கடமை. இவற்றைக் கோராமல் தனித்தனியே கம்பனியிடம் பணங்கட்டுவது, 1969இல் அரசு ஏற்ற சுமையை மீண்டும் தம் தோளில் ஏற்றிக்கொள்வதாகவே முடியும்.