கட்டாக்காலி முதல் மோட்டார் வண்டி வரை



பழுதுபட்டு வழியில் நின்ற மோட்டார் வண்டியை வேறொரு வண்டி கட்டி இழுத்துச் செல்கின்றது. அது ஒரு வளவிலே கொண்டுபோய் நிறுத்தப்படுகின்றது. மறுநாள் அதனை மீட்கச் செல்லும் உரிமையாளன் இரண்டு கவலைகளோடு படலையைத் தட்டுகின்றான். இழுத்த கூலியும் காவற் கூலியும் எவ்வளவு கேட்பார்களோ என்பது ஒன்று. வண்டி விட்டபடியே இருக்குமோ என்பது மற்றொன்று. உடைமை பிறர் கையில் இருக்கும்போது, உடையவன் பேரம் பேசும் வலிமையை இழந்துவிடுகின்றான். இந்த இக்கட்டு மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று, மாட்டோடு பிறந்தது.

யாழ்ப்பாணத்தார் கட்டில்லாது திரியும் மாட்டைக் கட்டாக்காலி என்பர். ஆறில்லாத இந்நாட்டிலே, கிணற்று நீரை இறைத்து இறைத்து வளர்த்த புகையிலைத் தோட்டத்தில் அத்தகைய மாடு ஓரிரவு புகுந்தால், ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு பாழாகும். பனையோலையாலும் கிளுவை, பூவரசங் கதிகாலாலும் நம் முன்னோர் வேலி அடைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். வேலியைக் கடந்த மாட்டைத் தோட்டக்காரன் பிடித்துக் கட்டுவது இயல்பு. ஆயின், கட்டியவன் கேட்டதெல்லாம் கொடுத்தாற்றான் மாடு மீளுமோ?

பிறர் பொருளைப் பிடித்து வைத்திருப்பவனுக்கும் ஒரு வரம்பு உண்டு என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஒல்லாந்தத் தேசாதிபதி சீமன்சின் கட்டளைப்படி, திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1707-ஆம் ஆண்டு தேசவழமையைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர். 1806-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதிலே கூறப்படும் ஒற்றி முறையில், கடன் கொடுத்தவன் நிலத்தை வைத்திருந்து வட்டிக்கு ஈடாக விளைவை அனுபவிப்பான்; முதல் திரும்பியதும் நிலமும் திரும்ப வேண்டும். மீட்குங் காலமும் பயிர்ப் பருவத்தை நோக்கியே வகுக்கப்பட்டது. விதைத்தவன் விளைவை இழத்தலாகாது. உடையவன் நிலத்தை இழத்தலுமாகாது.

கால்நடைகளைப் பற்றி இலங்கையில் 1876-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறற் சட்டம் எழுந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1871-இல், கடலுக்கு அப்பால் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டம் காவற்பட்டியின் நடைமுறையை மிக நுணுக்கமாக விதித்தது. பயிரை அழித்த மாட்டைப் பிடித்தவன் அதனை 24 மணி நேரத்துள் பட்டிக்கு அனுப்பவேண்டும். பட்டிக் காவலர் எண்ணிக்கை, அடையாளம், கொண்டுவந்த நாள், வேளை, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, அப்பதிவின் பிரதியையும் கொடுத்தல் வேண்டும். தீனியும் தண்ணீரும் கொடுப்பது அவர் கடமை. யானைக்கு இரண்டு ரூபாய், எருமைக்கு எட்டணா, பசுவுக்கும் எருதுக்கும் நான்கணா, ஆட்டுக்கு ஓரணா எனத் தண்டம் வரையறுக்கப்பட்டது. இவ்விகிதங்களும் தீனிச் செலவும் எல்லாரும் காணப் பட்டியருகே எழுதி ஒட்டப்படல் வேண்டும்.

ஏழு நாளில் எவரும் உரிமை கோராவிடின், ஊரிலும் அருகிலுள்ள சந்தையிலும் பறையறைந்து அறிவித்து, மேலும் ஏழு நாள் பொறுத்த பின்னரே ஏலம். உடையவன் வந்தும் பணம் கொடாவிடின், செலவுக்குத் தேவையானவற்றை மட்டும் விற்று, எஞ்சிய மாடுகளையும் மிச்சப் பணத்தையும் கணக்கோடு அவனிடம் ஒப்படைக்கவேண்டும். அவ்வேலத்தில் பட்டிக் காவலர் தாமே வாங்குதல் கூடாது. முறைகேடாகப் பிடித்திருந்தால், பத்து நாளுள் நீதவானிடம் முறையிட்டு ஈடு பெறலாம். ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு பழைய மோசடி நிழலாடுவதை நேயர்கள் உணரலாம்.

இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. கடனுக்காகப் பிடித்த மாடுகளை உடையவன் தேடமுடியாதபடி தொலைவுக்கு ஓட்டிச்செல்லும் சூழ்ச்சியைத் தடுக்க, 1554-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மைல் எல்லையையும், நான்கு பென்னி என்னும் உச்சக் கூலியையும் விதித்தது. இன்று பல நாடுகளில் வாகனம் இழுப்போருக்கு விதிக்கப்படும் தூர எல்லை, கட்டண எல்லை, அறிவித்தல், ஏலம் என்பன யாவும் பழைய மாட்டுப்பட்டியின் வழித்தோன்றல்களே.

நம் நாட்டில், தேசவழமை கூறாத இடங்களில் உரோம-ஒல்லாந்தச் சட்டம் வழங்குகின்றது. ஒரு பொருளைக் காக்க வேண்டிய செலவைச் செய்தவர், அது தீரும்வரை பொருளைத் தடுத்து வைக்க அச்சட்டம் இடங்கொடுக்கின்றது. ஆயின் தம் விருப்பப்படி விற்றுப் பணமாக்க இடங்கொடாது. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமோ, வழங்கப்படும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் அமைதல் வேண்டும் என்கின்றது.

எனினும் சட்டம் ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது. வண்டியை ஒப்படைக்குமுன் கூலியைக் கேட்டு எழுதுவித்தலும், வண்டியின் நிலையையும் உள்ளிருக்கும் பொருள்களையும் குறித்து ஒப்பம் பெறுதலும், பற்றுச்சீட்டின்றிப் பணங் கொடாமையும் நம் கையில் உள்ளன. அன்று மாட்டுக்காரனுக்குத் துணைநின்றவை அந்தப் பதிவேடும், பட்டி வாயிலில் ஒட்டிய விகிதமும் அல்லவா? அவ்விரண்டையும் கேட்டுப் பெறுவது வண்டிக்காரனுக்கும் உரியதே.