எழுதியவனே காட்ட வேண்டிய கணக்கு: உத்திரமேரூர்க் கல்வெட்டில் குழுப்பணியும் தனிப்பொறுப்பும்

1. ஆய்வுப் பொருள்

தேரோட்டத்தன்று வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் ஒரு சிலர்தான். வடத்தில் ஒரு கை தளர்ந்தால் யாருக்கும் தெரியாது. கட்டை பிசகினால் போட்டவர் யார் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். ஊர்கூடிச் செய்யும் எல்லா வேலைகளிலும் இந்த இருவகைப் பொறுப்பும் உண்டு. கூட்டத்தில் கரைந்துபோகும் பொறுப்பை ஒருவர் தலையில் நிற்கும் பொறுப்பாக மாற்றுவது எப்படி? முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. சான்று

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இக்கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச் சபையின் முதல் தீர்மானம் கி.பி. 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது; அதைத் திருத்திய இரண்டாம் தீர்மானம் 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குடவோலைத் தேர்தலுக்காகவே இவை பெரிதும் பேசப்படுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதன்பின் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் பகுதிகளே நமக்கு இங்கு முக்கியம்.

3. பொறுப்பின் மூன்று கூறுகள்

3.1 பெயர்: ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிந்திருந்தது. குடும்பு வாரியாகப் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. சபையார் அனைவரும் காண, முதியவர் ஒருவர் குடத்தை உயர்த்திக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் (நடுவர்) ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமாரும் (அர்ச்சகர்களும்) அதையே படிக்க வேண்டும். விரித்த கை ஓலையை மாற்ற இடம் தராது. பலர் வாயால் ஒலித்த பெயரை ஊர் மறக்காது.

3.2 காலம்: பதவி 360 நாள். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில், அதாவது ஊர்ப் பணிக்குழுவில், இருந்தவர் மீண்டும் வர முடியாது. ஆகவே ஏரியில் ஒரு குறை தெரிந்தால், அது எந்த ஆண்டில், யார் பொறுப்பில் நேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வழி இருந்தது. பதவியில் இருக்கும்போதே ஒருவர் குற்றம் செய்தது தெரியவந்தால் அவர் நீக்கப்படுவார். அவர் செய்ததற்காக வாரியம் முழுவதும் கலைக்கப்படாது.

3.3 கணக்கு: வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதி இழந்தனர். உறவினரையும் சேர்த்துத் தண்டிப்பது இன்று ஏற்கத் தக்கதன்று. கணக்கைக் கேட்கும் கடமையை வீட்டுக்குள்ளேயே வைக்க நினைத்தார்கள் என்று கருதலாம். கணக்கருக்கான விதி இதைவிட நுட்பமானது. கணக்கை எழுதியவனே அதைக் காட்ட வேண்டும். இன்னொரு கணக்கன் புகுந்து அதை முடித்துத் தரக் கூடாது. ஒருவர் எழுதிய பிழையை அடுத்தவர் பூசி மெழுக முடியாதபடி இவ்விதி கதவை அடைத்துவிடுகிறது.

4. தலைமை

தேர்வானவர்களுள் 12 பேர் ஆண்டு வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். ஆண்டு வாரியத்துக்கு, முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுக்க வேண்டும் என்பது விதி. கணக்குக் காட்டாதவர் ஓலை குடத்துக்குள்ளேயே வராது என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போது தலைமைக்கான படிநிலை புலப்படும்: மதகும் கரையும் பார்த்தவர், பார்த்ததற்குக் கணக்கும் கொடுத்தவர், அதன் பிறகே ஊர் முழுவதையும் பார்க்கத் தக்கவர். தன் பங்குக்குப் பதில் சொல்லிப் பழகாதவரிடம் பிறர் பங்கை ஒப்படைப்பது ஆபத்து.

5. வரம்பு

இது பிராமணர் சபை. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35 முதல் 70 வரை வயதும் தகுதிகள். நிலமற்றவர் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. தங்களுக்குள் இவ்வளவு துல்லியமாகப் பொறுப்பைப் பிரித்துக்கொண்ட சபை, வெளியே நின்றவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு விதியையும் இத்தீர்மானங்களில் வகுத்துக்கொள்ளவில்லை. இந்த முறையைப் போற்றும் எவரும் இதை மறைக்கக் கூடாது. பொறுப்பு முழுமை பெற வேண்டுமானால், அதன் பலனை அனுபவிக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும்.

6. முடிவு

நம் சங்கங்கள், அலுவலகங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆகியவற்றின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், "ஆவன செய்யப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரிகள் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படும். இவை செயப்பாட்டு வினைகள். செய்ய வேண்டியவர் யார் என்பது அவ்வரியில் இல்லை. வேலை நடக்காதபோது யாரையும் கேட்கவும் முடிவதில்லை. ஒவ்வொரு தீர்மானத்தையும் செய்வினையில் எழுதுவோம்: இன்னார், இன்ன தேதிக்குள், இதைச் செய்து, தாமே வந்து கணக்குச் சொல்வார். தலைவர் முதல் வரியில் தம் பெயரை எழுதட்டும். மற்றவர்கள் கை தானாக அடுத்த வரிக்கு வரும்.