கேட்டுப் பெற்ற பணம்: கடனோடு வந்த இன்ஷூரன்ஸின் சரித்திரம்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம் பாட்டிமார் சொல்லி வைத்த முதுமொழி. வீட்டுக்குப் பொருந்தும் இம்மொழி நாட்டுக்கும் பொருந்தும் என்பதற்குப் பாங்குகளின் சரித்திரத்தில் அரியதொரு சான்று உண்டு. அதனை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாகக் காலனிக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடு கட்டவோ, மகளின் திருமணத்திற்கோ, ஆட்டோ வாங்கவோ நாம் பாங்கில் கடன் கேட்கிறோம். தொகை கைக்கு வரும்பொழுது ஒரு பகுதி இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று கழிக்கப்பட்டிருக்கும். அல்லது அப்பிரீமியமும் கடனோடு சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பென்சிலால் குறியிட்டுக் காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டு வந்துவிடுகிறோம். இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? வேண்டாதவர் தலையில் இது கட்டப்பட்டால் பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் சரித்திரமே விடை கூறுகிறது.

நல்லெண்ணத்தில் பிறந்தது

அமெரிக்க நாட்டில் ஆர்தர் மாரிஸ் என்னும் வழக்கறிஞர் 1910-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரில் உழைப்பாளர்களுக்குக் கடன் வழங்கும் பாங்கு ஒன்றைத் தொடங்கினார். சொத்து இல்லாதவர்க்கும் இருவர் பிணை நின்றால் கடன் கிடைத்தது. ஆனால் கடன் வாங்கியவர் இடையில் இறந்துவிட்டால், சுமை மனைவி மக்கள் மீதும் பிணை நின்றவர் மீதும் விழுந்தது. இத்துயரைப் போக்க 1917-இல் மாரிஸ் தனியே ஓர் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். கடனாளி இறந்தால் மிச்சக் கடனை அந்த ஸ்தாபனம் தீர்க்கும். கடனோடு இன்ஷூரன்ஸ் சேர்ந்தது இவ்வாறே. ஆகவே இதன் பிறப்பில் குற்றம் இல்லை. சம்பாதிப்பவர் ஒருவரே உள்ள குடும்பத்துக்கு இன்றும் இது நல்ல காவலே.

நம் நாட்டில் ஆயுள் இன்ஷூரன்ஸ் இதனினும் மூத்தது. 1818-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் கம்பெனி தோன்றியது. அக்காலத்து ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியரிடம் கூடுதலான பிரீமியம் வாங்கின. 1870-இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் ஸ்தாபனமே முதன்முதலாக இந்தியர்க்கும் சமமான விகிதம் வைத்தது. 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுந்தது. கம்பெனிகள் பெருகப் பெருக மோசமும் பெருகிற்று. பல கம்பெனிகள் திவாலாகி, பாலிசிதாரர் பணம் கரைந்தது. 1938-இல் இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தும் குறை தீரவில்லை. இறுதியாக 1956-இல் மத்திய அரசு 245 இந்திய, அந்நிய நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தொடங்கியது. 2000-இல் தனியார் கம்பெனிகளுக்குக் கதவு மீண்டும் திறந்தபொழுது, பாங்குகளும் இன்ஷூரன்ஸ் விற்கும் முகவர்களாயின. கடன் கொடுக்கும் கையே பாலிசியும் விற்கத் தொடங்கியது. இந்த இரட்டை வேடம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆங்கில நாடே பாடம்.

ஆங்கில நாட்டில் நிகழ்ந்தது

அங்கு 1990 முதல் சுமார் இருபதாண்டுக் காலம், வீட்டுக் கடன், சொந்தக் கடன், கடன் அட்டை ஆகிய அனைத்தோடும் தவணைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் விற்கப்பட்டது. நோய் வந்தாலோ, வேலை போனாலோ இன்ஷூரன்ஸ் கம்பெனி தவணையைக் கட்டும் என்பதே சொல். விற்கப்பட்ட பாலிசிகள் 6 கோடியே 40 லட்சம் வரை இருக்கும் என்று அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் கணக்கிட்டது. ஏறக்குறைய அந்நாட்டு ஜனத்தொகைக்குச் சமமான எண்ணிக்கை!

ஆனால் நடந்ததென்ன? வேலையிழப்புக்கான பாலிசி ஓய்வு பெற்ற முதியவர்க்கு விற்கப்பட்டது. சுயதொழில் செய்வோர்க்கும், முன்பே நோயுற்றிருந்தோர்க்கும் விற்கப்பட்டது. இவர்கள் ஒருநாளும் இழப்பீடு கேட்க முடியாதென்று பாலிசியின் சிறிய எழுத்துக்களே கூறின. இன்ஷூரன்ஸ் எடுக்காவிட்டால் கடன் கிடைக்காது என்று சிலரிடம் சொல்லப்பட்டது. சிலருக்கோ தாம் பாலிசி எடுத்திருப்பதே தெரியாது.

விற்றவர்க்கு என்ன லாபம்? கல்லூரி ஆசிரியையான கைம்பெண் ஒருவர் 34,000 பவுன் கடன் வாங்கினார். அதனோடு 5,780 பவுன் பிரீமியமும் சேர்க்கப்பட்டது. அப்பிரீமியத்தில் நூற்றுக்கு 71.8 பங்கு கமிஷனாகவே போயிற்று. அவ்விவரம் அவரிடம் கூறப்படவில்லை. இது நியாயமற்ற உறவு என்று 2014 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூறு ரூபாயில் இருபத்தெட்டு ரூபாய்தான் காவலுக்கு. மிச்சம் விற்றவர்க்கு என்றால், அது குடையா, குடைக் கடைக்காரரின் வீடா?

பணம் திரும்பிய வரலாறு

இந்த அநீதியை முதலில் வெளிக்கொணர்ந்தவர் அமைச்சரல்லர், நீதிபதியுமல்லர். 1939 செப்டம்பரில், ஆங்கில நாடு உலகப் போரில் இறங்கிய மறுநாள், அங்கு குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. தொண்டர்கள் மேசை போட்டு அமர்ந்து, எழுத்தறியாதவர்க்கும் சட்டமறியாதவர்க்கும் கடிதம் எழுதித் தந்தனர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்நிலையங்கள் தம் பணியை நிறுத்தவில்லை. அங்கு வந்து குவிந்த முறையீடுகளைத் தொகுத்து, 2005 செப்டம்பரில் அந்நிலையங்களின் தலைமை அமைப்பே அரசின் வாணிப அலுவலகத்தில் பெரும்புகார் அளித்தது.

2010-இல் நிதி ஆணையம், பழைய விற்பனைகளையும் பாங்குகள் திரும்பப் பார்க்க வேண்டுமென்று விதித்தது. பாங்குகளின் சங்கம் எதிர்த்து வழக்காடிற்று. 2011 ஏப்ரல் 20-ஆம் தேதி உயர் நீதிமன்றம் பாங்குகளின் வாதத்தைத் தள்ளியது. மறு மாதமே லாயிட்ஸ் பாங்கு போராட்டத்தைக் கைவிட்டு, திருப்பித் தருவதற்கென 320 கோடி பவுனை ஒதுக்கியது. ஏனைய பாங்குகளும் பின்தொடர்ந்தன. 2019 ஆகஸ்டு 29 கடைசித் தேதி என அறிவிக்கப்பட்டது. 2011 முதல் 2019 முடிய மக்களிடம் திரும்பிச் சென்றது 3,800 கோடி பவுனுக்கும் மேல்.

இதில் ஒரு துணைப் பாடமும் உண்டு. பணத்தை வாங்கித் தருகிறோம் என்று இடைத்தரகர்கள் கிளம்பி, கிடைத்ததில் கால் பங்கும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டனர். 2018-இல் சட்டம் குறுக்கிட்டு, நூற்றுக்கு இருபதுக்கு மேல் வாங்கலாகாதென வரம்பிட்டது. ஒரு கடிதம் எழுதினாலே கிடைத்திருக்கும் பணத்தில் பங்கு கொடுத்தவர் எத்தனை பேர்!

நம் நாட்டில் திறந்த கதவுகள்

ஆங்கில நாட்டைப் போல் ஒட்டுமொத்தமாகத் திருப்பித் தரும் ஆணை நம் நாட்டில் பிறக்கவில்லை. அவரவர் பணத்தை அவரவரே கேட்டுப் பெற வேண்டும். ஆனால் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரையாயின் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. 1995-இல் ரிசர்வ் பாங்கு, பாங்குகளுக்கென ஆம்பட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளரை ஏற்படுத்திற்று. 1998-இல் இன்ஷூரன்ஸுக்கும் தனியே ஆம்பட்ஸ்மன் வந்தார். நம் பெங்களூரில் அவ்வலுவலகம் ஜே. பி. நகரில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்கு எழுதி, ஒரு மாதம் பொறுத்து, பதில் வராவிடினும் பதிலில் திருப்தி இல்லாவிடினும் ஓராண்டுக்குள் அங்குச் செல்லலாம்.

பாங்கு இன்ஷூரன்ஸைத் தவறாக விற்றது என்பதையே ஒரு குறையாக ஏற்கும் விதி 2017 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. ஆயுள் பாலிசி கைக்கு வந்து படித்துப் பார்த்து, வேண்டாமெனில் திருப்பித் தரும் தவணை முன்பு 15 நாளாக இருந்தது. 2024-இல் 30 நாளாயிற்று. கடனோடு வருவது பெரும்பாலும் கூட்டுப் பாலிசியாதலால், நமக்குரியது ஒரு சான்றிதழ் மட்டுமே. அதனைக் கேட்டு வாங்கி வைத்தல் அவசியம். கடனை முன்னதாகவே தீர்த்தவர், மிச்சக் காலத்துக்குரிய சரண் மதிப்பு உண்டா என்றும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றினும் நமக்கு முக்கியமானது வேறொன்று. 2024 அக்டோபர் 1 முதல் அளிக்கப்படும் தனிநபர் கடன்களுக்குப் பாங்கு ஒரு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். வட்டியோடு இன்ஷூரன்ஸ் முதலிய செலவுகளையும் சேர்த்து, ஆண்டொன்றுக்கு மெய்யாக எத்தனை சதவிகிதம் ஆகிறதென்று அதில் காட்ட வேண்டும். அவ்வறிக்கை கடன் பெறுபவர்க்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் பாங்கின் ஆணை. பிழைப்புக்காக மொழி வேறான நாட்டில் குடியேறிய நமக்கு இதைவிடப் பெரிய துணை எது? தமிழில் தாருங்கள் என்று கேட்பது சலுகையன்று, உரிமை.

நாம் செய்யக்கூடியது

நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பகுதிகளில் வாழும் நம்மவர் பலர் கூலி வேலையும் சிறு தொழிலும் செய்பவர். பேரனுக்கு ஆங்கிலம் தெரியும். கையொப்பமிடும் தாத்தாவுக்குத் தெரியாது. பத்திரத்தைப் பேரன் பார்ப்பதோ கையொப்பம் உலர்ந்த பின்னர்தான். இவ்வரிசையை மாற்றினாலே பாதி மோசம் நீங்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போடுவோம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் அமரட்டும். கடன் பத்திரம் கொண்டு வருவோர்க்குப் பொருள் சொல்லட்டும். வேண்டுவோர்க்கு இரண்டு பிரதிகளில் கடிதம் எழுதித் தரட்டும். ஒன்று பாங்குக்கு, மற்றொன்று, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நம் பெட்டிக்கு. ஆங்கில நாட்டில் 3,800 கோடி பவுனை அசைத்தது இப்படியொரு மேசைதான். கேளாதவர்க்கு எந்தப் பாங்கும் தானாகத் தராது. கேட்பவரை எந்தச் சட்டமும் தடுக்காது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!